உடன்படிக்கை: பெரியவர் தம்மையே கட்டிக்கொண்ட சொல்

‘கர்த்தருடைய உடன்படிக்கை’ என்று ஆராதனையில் கேட்கும்போது நம்மில் பலருக்கு ஒப்பந்தம்தான் நினைவுக்கு வருகிறது. கோலாலம்பூரில் அப்படி நினைப்பது இயல்பு. நாம் கையெழுத்துப் போடும் வாடகைப் பத்திரமும் ‘பெர்ஜன்ஜியான்’, மலாய் வேதாகமத்தின் பழைய ஏற்பாடும் ‘பெர்ஜன்ஜியான் லாமா’. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எபிரெயத்தில் இதற்குச் சொல் பெரீத். உடன்படிக்கை செய்வதை அந்த மொழியில் ‘பெரீத் வெட்டுதல்’ என்பார்கள். காரணம் ஆதியாகமம் 15இல் இருக்கிறது. ஆபிராம் ஒரு கிடாரி, ஒரு வெள்ளாடு, ஒரு ஆட்டுக்கடா மூன்றையும் நடுவே வெட்டி, துண்டங்களை எதிரெதிராக வைக்கிறார். பறவைகள் இறைச்சியின்மேல் இறங்க, துரத்துகிறார். பொழுது சாய்கிறது, அயர்ந்து தூங்கிவிடுகிறார். இருட்டில், புகைகிற சூளையும் நெருப்புச் சுடரும் துண்டங்களுக்கு நடுவே கடந்து போகின்றன.

அப்படி நடுவே கடப்பவர், ‘சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதி’ என்று ஏற்றுக்கொள்கிறார். எரேமியா 34 இதைத் தெளிவாகவே சொல்கிறது. இங்கே ஆபிராம் கடக்கவில்லை. சூளையும் சுடரும் தேவனுக்கு அடையாளம். கடந்தவர் அவர் மட்டுமே.

நம் முன்னோர் பலர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்ததும் ஓர் ஒப்பந்தத்தில்தான். அதில் வலியவன் எளியவனைக் கட்டிப்போட்டான். ஓடிப்போனால் தண்டனை எளியவனுக்கு. ஆதியாகமத்தில் வலியவர் தம்மைத் தாமே கட்டிக்கொள்கிறார். இந்த வேறுபாடு பிடிபட்டால் சொல்லின் பாதி விளங்கிவிடும்.

எபிரெய வேதத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனவர்கள், இருதரப்பு ஒப்பந்தத்துக்கு உரிய ‘சுந்தேக்கே’யை விட்டுவிட்டு, உயில் என்ற பொருளும் கொண்ட ‘தியாதேக்கே’யை எடுத்தார்கள். லத்தீனில் அது ‘தெஸ்தாமெந்தும்’ ஆனது. தமிழில் நூற்பகுதிக்கு ‘ஏற்பாடு’, உறவுக்கு ‘உடன்படிக்கை’ என்று பிரிந்து நின்றது. கடைசி இராப்போஜனத்தில் இயேசு பாத்திரத்தைக் காட்டிச் சொன்ன ‘புதிய உடன்படிக்கை’யும் இந்தச் சொல்தான்.

உடன்படிக்கை நல்ல தமிழ். உடன்படு என்ற வினையில் பிறந்தது. மனம் ஒத்திருப்பதை வள்ளுவர் ‘உடம்பாடு’ என்றார் (குறள் 890). இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்துவைக்கும் ய், வ் இரண்டையும் இலக்கணம் ‘உடம்படுமெய்’ என்கிறது. ‘நான் உங்கள் தேவன், நீங்கள் என் ஜனம்’ என்ற உறவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ‘ஒப்பந்தம்’ என்று மாற்றவே கூடாது.

அப்புறம், ‘வாக்குத்தத்தம்’. இதில் தத்தம் வடசொல். கொடுக்கப்பட்டது என்று பொருள். தமிழில் வாக்குறுதி என்றால் போதும். உடன்படிக்கை உறவு, வாக்குறுதி அந்த உறவுக்குள் கொடுக்கப்படும் சொல். உறவை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் எடுத்தால் அது அதிர்ஷ்டச் சீட்டு போல ஆகிவிடும்.

புத்தாண்டு ஆராதனையில் வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். பலருக்கும் பிரியமானது எரேமியா 29:11, ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’. அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: பாபிலோனில் 70 வருஷம் ஆக வேண்டும். இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதை வாசித்த பெரியவர்கள் பலர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களிடம்தான் தேவன் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றார். சரி, அட்டையை வேதாகமத்துக்குள் வைக்குமுன் அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துவிடுங்கள்.