15 ஆண்டு அவகாசம் எங்கே போனது?

தடையற்ற வணிக ஒப்பந்தம் என்றதும் வரி எந்த ஆண்டில் பூஜ்யமாகும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பிழைப்பைக் காப்பதும் கெடுப்பதும் அதற்கு முந்தைய ஆண்டுகள். மெக்சிகோவின் மக்காச்சோளமே இதற்குச் சாட்சி.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தமான நாஃப்டா 1994 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அப்போதைய விதிப்படி அமெரிக்க மக்காச்சோளம் ஆண்டுக்கு 25 லட்சம் டன் வரியின்றி மெக்சிகோவுக்கு வரலாம். இந்த ஒதுக்கீடு ஆண்டுதோறும் 3% கூடும். அதைத் தாண்டினால் 200 சதவீதத்துக்கும் மேல் வரி. அந்த வரி 2008-க்குள் படிப்படியாகக் கரையும். சிறு விவசாயி பயிர் மாற்றவும் வேறு தொழில் பழகவும் தரப்பட்ட அவகாசம் இது. ஆனால் தீவனமும் மாவும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று மெக்சிகோ அரசே அந்த வரியை வசூலிக்காமல் விட்டது. 1996-இல் ஒதுக்கீட்டைப் போல இரு மடங்குக்கும் மேல் வந்து இறங்கியது. காகிதத்தில் இருந்த 15 ஆண்டு, வயலில் மூன்று ஆண்டுகூட நிற்கவில்லை.

பழியை ஒப்பந்தத்தின் மேல் மட்டும் போடுவது சரியல்ல. 1994 டிசம்பரில் மெக்சிகோவின் நாணயமான பெசோ சரிந்தது. அரசின் கொள்முதல் நிறுவனமான கொனாசூப்போ 1999-இல் மூடப்பட்டது. விலையும் விழுந்து, வாங்குவாரும் இல்லாமல் போன பிறகு ஊரில் இருந்து என்ன செய்வது?

வேலைகள் பெருகத்தான் செய்தன. ஆனால் அவை வடக்கு எல்லையோரத்தில், ஏற்றுமதிக்காகப் பொருள்களைப் பூட்டிச் சேர்க்கும் மகிலாதோரா ஆலைகளில். அங்கே தேடியது இளவயதுக்காரர்களை. தெற்கே நிலம் கைவிட்டுப்போன நடுத்தர வயது விவசாயியை அல்ல. சரக்குக்கும் முதலீட்டுக்கும் எல்லை திறந்தது, ஆட்களில் படித்த தொழில்முறையாளர்களுக்கு மட்டும் தனி விசா. கூலியாளுக்கு ஒப்பந்தத்தில் வழி இல்லை, பலர் ஆவணமின்றி அமெரிக்காவுக்குப் போனார்கள். அதே 1994-இல் அமெரிக்கா சான் தியாகோ பகுதியில் எல்லைக் காவலை இறுக்கியது. மீண்டும் கடப்பது ஆபத்தாகிவிட்டதால், அறுவடைக்குப் போய்த் திரும்பும் வழக்கமுள்ள பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். வேலியே அவர்களைத் திரும்பவிடாமல் செய்தது.

எந்த ஒப்பந்தமானாலும் உங்கள் பொருளின் சுங்கக் குறியீட்டு எண்ணை வைத்து வரி அட்டவணையைத் தேடுங்கள். ஒதுக்கீடு எவ்வளவு, மீறினால் வரியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் யாரிடம் என்று பாருங்கள். பிறகு பாதுகாப்பு நடவடிக்கைப் பிரிவு. இறக்குமதி திடீரெனப் பெருகினால் வரியை மீண்டும் உயர்த்த அது இடம் தரும், பெரும்பாலும் வரி படிப்படியாகக் குறையும் இடைக்காலத்தில் மட்டும். பாதிப்பை நிரூபிக்க இறக்குமதி அளவு, உள்நாட்டு விலை, உற்பத்தி, வேலையிழப்பு ஆகிய கணக்குகள் வேண்டும். ஆலை முதலாளிகளிடம் இவை தயாராக இருக்கும். சிறு உற்பத்தியாளர்களிடம் இருக்காது. இந்த நடவடிக்கை கேட்கும் மனுக்கள் இங்கேயே தோற்கலாம். ஆகவே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் முன்பே சங்கமாகச் சேர்ந்து மாதாமாதம் விலையைக் குறித்துவையுங்கள். முந்தைய விலை பதிவில் இல்லாவிட்டால், விழுந்தது எவ்வளவு என்று காட்ட முடியாது.