பதினான்கு பேனாவும் ஒரு டெஸ்ட் பென்னும்

மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் நான் வளர்ந்த காலத்தில் எங்களுக்குத் தெரிந்த உத்தியோகங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பங்களாவில் தோட்ட நிர்வாகியான துரை, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர், பள்ளிக்கூடத்தில் வாத்தியார், காட்டில் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோர். மற்றவர்களெல்லாம் பால் வெட்டினார்கள், இல்லையென்றால் புல் வெட்டினார்கள். "படிச்சு என்ன ஆகப்போறே?" என்று யார் கேட்டாலும் பதில் இந்த ஐந்துக்குள்தான் இருக்கும். அதிலும் துரை வேலையை ஒருவரும் சொல்ல மாட்டோம். அது நமக்கில்லை என்பது யாரும் சொல்லித்தராமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியையாக இருக்கிறேன். பதினேழு வருடம் ஆகிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டுப் பலர் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். பிள்ளைகளின் பட்டியல் மட்டும் அவ்வளவாக நீளவில்லை. பதின்மூன்று வயதில், முதல் படிவத்தில் கேட்டால் டாக்டர், லாயர், போலீஸ், டீச்சர். மூன்றாம் படிவத்தில் அதே பிள்ளையைக் கேட்டால் உதட்டைப் பிதுக்கிவிட்டு, "அண்ணன் போற பேக்டரிக்குப் போவேன் டீச்சர்" என்கிறது. இடையில் இருக்கும் நூற்றுக்கணக்கான வேலைகளை அது கண்ணால் பார்த்ததே இல்லை.

லிண்டா காட்ஃபிரட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1981-இல் இதைப் பற்றி எழுதினார். பிள்ளைகள் ஒரு வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகுமுன்பே வேலைகளைக் கழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அவர் கருத்து. ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் 'இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை' என்று கொஞ்சம் கழிகிறது. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் 'இது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை' என்று இன்னும் கொஞ்சம். எனக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி வருவதற்குள் தட்டில் மிஞ்சியிருப்பது சொற்பம்தான். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது எனக்கு எங்கள் துரை பங்களாவின் கேட் ஞாபகம் வந்தது.

கழித்துவிட்ட வேலைகளில் சிலவற்றையாவது மறுபடி பிள்ளைகளின் கண்முன் வைக்கத்தான் பள்ளியில் தொழில் கண்காட்சி நடத்துகிறோம். ஆனால் நான் நடத்திய முதல் கண்காட்சி அதைச் செய்யவில்லை. பழி என்மேல்தான்.

எட்டுத் தனியார் கல்லூரிகளைக் கூப்பிட்டிருந்தேன். பள்ளி மண்டபம் நிறைய பலூன், பதாகை, மைக் சத்தம். மாணவர்கள் மேசை மேசையாகப் போய்ப் பேனாவும் சாவிக்கொத்தும் பைகளும் வாங்கினார்கள். ஒரு பையன் என்னிடம் வந்து, "டீச்சர், பதினாலு பேனா!" என்று பெருமையாகக் காட்டினான். எந்த வேலையைப் பற்றிக் கேட்டாய் என்றேன். முழித்தான். அங்கே வேலை என்று சொல்ல எதுவுமே இல்லையே! ஆள் பிடிக்க வந்தவர்கள் கோர்ஸ் விற்றார்கள். நான் மண்டபத்தை இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அதன் விளைவு பிறகு தெரிந்தது. ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த ஒரு மாணவன் அன்று ஒரு மேசையில் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறான். வாரம் தவறாமல் அழைப்பு. கடைசியில் தனக்கு என்னவென்றே தெரியாத ஒரு டிப்ளோமாவில் சேர்ந்து, ஒரு வருடத்தில் நின்றுவிட்டான். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் மட்டும் அவன் பெயரில் நிற்கிறது. அவன் அம்மா என் அறையில் உட்கார்ந்து அழுதபோது நான் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு கல்லூரிகளுக்கு மூன்று மேசைக்கு மேல் தருவதில்லை. அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்றும் மாணவர்களுக்கு முன்வாரமே சொல்லிக்கொடுக்கிறோம். இந்தப் படிப்பு, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்கியூஏவின் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா, எங்கே பார்க்கலாம்? கடன் போக என் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், ஒருவரோடு பேச முடியுமா? மூன்றாவது கேள்விக்குப் பல மேசைகளில் ஆள் சிரித்து மழுப்புவார். அதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு ஒரு பாடம்.

மற்ற மேசைகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். அந்த வேலையைச் செய்கிறவர் வர வேண்டும், தான் தினமும் தொடும் ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். துண்டுப் பிரசுரம் கூடாது. முடிந்தவரை இந்த வட்டாரத்துக்காரர்கள், நம் பள்ளியில் படித்தவர்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வயர்மேன். மேசையில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் பென், மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சுகள் உள்ள ஒரு பெட்டி. "பிளாஸ்டிக் பிடியில் விரிசல் இருக்கா என்று பார்க்காமல் இதைத் தொடாதே" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் இல்லாமல் வயரிங் வேலையில் கையெழுத்துப் போட முடியாது, சிங்கிள் ஃபேஸ் படித்த பிறகு த்ரீ ஃபேஸ் என்று படியேறலாம் என்றெல்லாம் விளக்கினார். எஸ்கேஎம் என்ற தொழில்திறன் சான்றிதழ் மூன்று நிலை, அதற்கு மேல் நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா என்று பையன்கள் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். நான் அதே விஷயத்தை வகுப்பில் எத்தனை தடவை வெண்பலகையில் எழுதியிருக்கிறேன்!

ஒருவன் கேட்டான்: "சம்பளம் எவ்வளவு, அண்ணே?" ஆசிரியர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). பதினெட்டு வயதில் தொழிற்சாலை வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, ஓவர்டைம் சேர்த்தால் அப்பாவைவிடக் கூடுதலாக வாங்கலாம். பிறகு எதற்கு இரண்டு வருடம் படிக்க வேண்டும்? வயர்மேன் நேர்மையாகச் சொன்னார்: "முதல் வருஷம் உன் கூட்டாளி உன்னைவிட அதிகமா சம்பாதிப்பான். அதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு என்கூட படிச்சவங்களையே கேளு." மழை மாதத்தில் வேலை குறைவதையும் ஒளிக்கவில்லை. இந்த மாதிரிப் பதிலை எந்தக் கையேட்டிலும் படிக்க முடியாது.

நம் பிள்ளைகளுக்குத் தூரமும் சரியாகத் தெரிவதில்லை. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969-இல் தொடங்கியது. அது இருப்பது ஈப்போவில், இங்கிருந்து 30 கிலோமீட்டர் போல. தீபாவளிக்குத் துணி எடுக்க ஈப்போ போகிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஐஎல்பி, ஐகேபிஎன் போன்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கெல்லாம் யுபி_திவெட் என்ற இணையத்தளத்தில் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதும் தெரியாது. 2015-இல் இடிஎஸ் மின்ரயில் தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கியது. நம் ஊர் வழியாகத்தான் போகிறது. அந்த மின்கம்பிகளைப் பராமரிக்க யாரோ ஒருவர் வேண்டும் என்று எந்தப் பிள்ளையாவது யோசித்திருக்குமா?

எப்போது நடத்துவது என்பதும் முக்கியம். பல பள்ளிகள் ஐந்தாம் படிவத்துக்கு மட்டும் வைக்கின்றன. அது மிகவும் தாமதம். நான்காம் படிவத்தில் எந்தப் பாடத் தொகுப்பு எடுப்பது என்று மூன்றாம் படிவ முடிவிலேயே தீர்மானமாகிவிடும். மூன்றாம் படிவத்தில் எழுதிவந்த பிடி3 தேர்வும் 2022-இல் ரத்தானதால், பிள்ளைகள் நின்று யோசிக்க அங்கே ஒரு தடையும் இல்லை. கூட்டாளி எடுத்ததை எடுத்துவிட்டு, பிறகு தாதியர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கணிதமும் அறிவியலும் கேட்கிறார்கள் என்று தெரிகிறது. இன்னும் அடிப்படையான ஒன்று: மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. வரலாற்றைச் சும்மா விட்டுவிட்டு வயர்மேன் ஆகப்போகிறேன் என்கிறவனிடம் அந்த மேசைக்காரரே இதைச் சொல்லும்போது காதில் ஏறுகிறது.

இங்கிலாந்தில் பள்ளிகளின் தொழில் வழிகாட்டலுக்காக 2014-இல் வெளிவந்த கேட்ஸ்பி அளவுகோல்கள், பதினொரு வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளை ஒரு தொழிலாளரையோ முதலாளியையோ சந்திக்க வேண்டும் என்கின்றன. எங்களால் முடிவதும் அதை ஒட்டித்தான். வருடத்துக்கு ஒரு கண்காட்சி, நடுவில் இரண்டு மூன்று பேர் வகுப்புக்கு வந்து பேசுவது, அவ்வளவுதான்.

பெற்றோரை அழைக்கச் சனிக்கிழமை பிற்பகல் வைத்துப் பாருங்கள். காலையில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் குளித்துச் சாப்பிட்டு வர முடியும். மேசைக்காரர்கள் மலாயில் பேசுவதால், தமிழில் சொல்ல ஐந்தாம் படிவப் பிள்ளைகள் இரண்டு பேரை அம்மாக்கள் பக்கம் நிறுத்திவைப்போம். ஹாஸ்டலில் வார்டன் யார், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவார்களா என்பதுதான் அவர்கள் கேட்பது. அதற்குப் பதில் கிடைத்தால்தான் பாரத்தில் கையெழுத்து விழும்.

போன கண்காட்சியில் செம்பனை ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண் வந்திருந்தார். கொண்டுவந்தது ஒரு கூம்புக் குடுவை, ஒரு பியூரெட். எண்ணெய்க்குப் பதிலாக நிறங்காட்டி கலந்த வினிகரைக் குடுவையில் ஊற்றி, பியூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரக் கரைசலை விட்டார். ஒரே ஒரு சொட்டில் முழுக்க இளஞ்சிவப்பானது. சுற்றி நின்றவர்கள் "ஓய்!" என்றார்கள். பிறகு கதையைச் சொன்னார். பழம் அடிபட்டதுமே அதற்குள் இருக்கும் நொதி எண்ணெயைப் பிரித்து அமிலமாக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுவந்து நீராவியில் வேகவைக்க வேண்டும். கச்சா எண்ணெயில் அந்த அமிலம் 5 சதவீதத்தைத் தாண்டினால் விலை அடிபடும். தாண்டியதா இல்லையா என்று சொல்வது அவர் வேலை.

மூன்றாம் படிவத்து மாணவி ஒருத்தி அந்த மேசையை விட்டு நகரவே இல்லை. அவள் அப்பா குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். "அதான் அப்பா ராத்திரியிலயும் லோட் ஏத்திட்டுப் போறாரா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் நான்காம் படிவப் பாடத் தேர்வுப் பாரத்தில் கையெழுத்துப் போட அவள் அப்பா வந்தார். வேதியியல் எடுத்திருந்தாள். பாரத்தை மடித்துக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "இருபத்திரண்டு வருஷமா அந்த மில்லுக்கு லோட் இறக்குறேன் டீச்சர். தராசு, ரேம்ப், அப்புறம் வெளியே. உள்ளே லேப் ஒண்ணு இருக்குன்னு எம்பொண்ணு சொல்லித்தான் தெரியுது."