பழைய மேசை ரம்பம் மீண்டும் நேராக அறுப்பது எப்படி?

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயங்கிய டெல்டா நிறுவனம் 1939இல் ‘யூனிசா’ என்ற மேசை ரம்பத்தை, அதாவது மேசையின் பிளவு வழியே வட்ட பிளேடு எழுந்து நின்று அறுக்கும் இயந்திரத்தை, அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் சாய்வாக அறுக்க வேண்டுமானால், பல இயந்திரங்களில் மேசையையே சாய்த்து, சரிந்து விழப் பார்க்கும் பலகையைப் பிடித்தபடி தள்ள வேண்டியிருந்தது. யூனிசாவில் மேசை மட்டமாகவே இருக்கும். அடியில் பிளேடைத் தாங்கிச் சுழலும் தண்டும் மோட்டாரும் பிளேடும் ஒருசேர 45 பாகை வரை சாயும். இத்தகைய பழைய இயந்திரங்களைத் துருவேறிய நிலையில் வாங்கி, வீட்டுப் பட்டறைக்கு ஏற்றவாறு புதுப்பிப்போர் இன்றும் அங்கே பலர்.

வாங்கும்போது துருவைவிட விரிசலையே தேடிப் பார்க்க வேண்டும். மேசையிலோ தண்டைத் தாங்கும் வார்ப்பிலோ விரிசல் இருந்தால், அந்த இயந்திரத்தை விட்டுவிடுவதே நல்லது. துரு பெரும்பாலும் மேலோட்டமானது. மண்ணெண்ணெய் தடவி, கூரிய தகட்டால் சுரண்டினாலே மேசைப் பரப்பு தெளிந்துவிடும். மேசை செய்யப்பட்ட வார்ப்பிரும்பினுள் பரவியிருக்கும் கிராஃபைட் செதில்கள் அதிர்வை உள்வாங்கித் தணிக்கின்றன. அந்தக் குணம் துருப்பிடித்த மேசையிலும் குறையாமல் இருக்கிறது.

சுரண்ட முடியாத சிறு உறுப்புகளுக்கு மின்னாற்பகுப்பு உதவும். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, துருப்பிடித்த உறுப்பைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். மின்சாரம் பாயும்போது உறுப்பின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் எழும். செந்துருவின் ஒரு பகுதி கரிய மேக்னடைட்டாக மாறி, தூரிகையால் தேய்த்தாலே உதிரும். நல்ல இரும்பு அரிக்கப்படுவதில்லை என்பதே அமிலத்தைவிட இம்முறைக்குள்ள மேன்மை. நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் நீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால் இவ்வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

அடுத்தது, தண்டைத் தாங்கிச் சுழலவிடும் குண்டு வளையமான பேரிங். அதன் மூடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில் புதியதை வாங்கலாம். தண்டின் மேல் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். வெளிவளையத்தைத் தட்டினால் விசை குண்டுகளின் வழியாகச் சென்று ஓடுபாதையில் பள்ளம் விழும், புதிய பேரிங் முதல் நாளிலேயே இரையத் தொடங்கும்.

தண்டில் பிளேடு அமரும் விளிம்பில், நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் அளவுகருவியான டயல் கேஜை வைத்துத் தண்டைக் கையால் மெதுவாகச் சுழற்றினால், முள்ளின் ஆட்டம் விளிம்பின் கோணலைக் காட்டும். மையத்திலிருந்து 20 மி.மீ. தொலைவில் 0.02 மி.மீ. ஆட்டம் இருந்தால், 10 அங்குல பிளேடின் பற்களில் அது ஏறத்தாழ 0.13 மி.மீ. ஆகப் பெருகும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோணலே அறுத்த பரப்பில் கோடுகளாகப் பதிகிறது.

புதுப்பிப்பின் உயிர்நாடி, பிளேடும், மேசைப் பரப்பில் நீளவாக்கில் வெட்டப்பட்ட பள்ளமான காடியும் இணையாக இருப்பதுதான். பிளேடின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, காடியிலிருந்து அதன் தொலைவை முன்பக்கத்தில் அளந்து, அதே பல்லைப் பின்பக்கத்துக்குச் சுழற்றி மீண்டும் அளக்க வேண்டும். வேறு பல்லை அளந்தால் பிளேடின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். வேறுபாடு 0.1 மி.மீ.க்கு மேற்பட்டால், யூனிசாவில் மேசையை அதைத் தாங்கும் அடிப்பெட்டியோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேசையை மெல்லத் தட்டி நகர்த்தலாம். பின்னர் பலகையை வழிநடத்தும் பக்கச் சட்டத்தை அதே காடிக்கு இணையாக அமைக்க வேண்டும்.

இந்த அளவீட்டுக்குப் பொறுமை தேவைப்படுவதன் காரணம் பாதுகாப்பு. நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும் 10 அங்குல பிளேடின் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 190 கி.மீ. வேகத்தில் செல்கின்றன. முன்பற்கள் பலகையை மேசையோடு அழுத்துகின்றன. பின்பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. பக்கச் சட்டம் பின்புறத்தில் பிளேடை நோக்கி நெருங்கியிருந்தால் பலகை பின்பற்களில் நெருக்குண்டு, மேலெழும்பி, அறுப்பவரை நோக்கியே வீசப்படும். நேராக அமைத்த இயந்திரத்திலும், உள்ளழுத்தம் கொண்ட மரம் அறுபடும்போதே மூடி பிளேடை இறுக்கக்கூடும். ஆகவே பிளேடுக்குப் பின்னால், அதே தளத்தில், அறுத்த பிளவை மூடவிடாமல் தடுக்கும் தகடு ஒன்றைப் பொருத்திய பிறகே முதல் பலகையைத் தள்ள வேண்டும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் அத்தகடு எப்போதோ கழற்றப்பட்டுத் தொலைந்திருக்கும்.