நகர்வது நானா, பக்கத்து பஸ்ஸா?

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை. ஜன்னலோர சீட் பிடித்து உட்கார்ந்தாயிற்று. லேசாகக் கண் அசரும்போது வண்டி கிளம்பிவிட்டது போல ஓர் அசைவு. பதறி நிமிர்ந்தால் டிரைவர் சீட் காலி. மனிதர் கீழே டீ கிளாஸோடு நிற்கிறார். நகர்ந்தது நாம் இல்லை, பக்கத்தில் நின்ற திருநெல்வேலி பஸ். அந்த நொடியில் கண் தானாகவே ஒரு தூணைத் தேடும். தூண் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் வயிறு அமைதியாகும்.

ரேடார் பொருத்திய கார் செய்வதும் இதே வேலைதான். எதிரில் வருவதைக் கண்டு பிரேக் போடத்தான் ரேடார் என்று பலரும் நினைக்கிறோம். அதே கருவியை வைத்து, ‘நான் எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் போகிறேன்?’ என்பதையும் வண்டி கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

அதற்குத்தான் ஸ்பீடாமீட்டர் இருக்கிறதே என்றால், அது சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது, அவ்வளவுதான். 60 செ.மீ. விட்டமுள்ள டயரில் 6 மி.மீ. ரப்பர் தேய்ந்தால் விட்டம் 2 சதவீதம் குறையும். 98 கிலோமீட்டர் ஓடியதை 100 என்று எண்ணும். சேற்றில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. வழுக்கும்போது வண்டி நகரும், சக்கரம் சுற்றாது. ஜிபிஎஸ் சிக்னல், கட்டடங்கள் நெருக்கியடிக்கும் வீதியில் சுவரில் பட்டுத் தெறித்துக் குழப்பும். கேமராவோ புழுதியிலும் எதிர் ஹெட்லைட்டிலும் திணறும். ரேடாருக்கு இருட்டும் புழுதியும் பொருட்டே இல்லை.

கார் ரேடார் அனுப்பும் ரேடியோ அலை நொடிக்குச் சுமார் 7,700 கோடி முறை அதிர்கிறது. அதாவது 77 கிகாஹெர்ட்ஸ். அலையின் நீளம் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அலை தூணில் பட்டுத் திரும்பி வருகிறது. தூணை நோக்கி ஒரே ஒரு மில்லிமீட்டர் நெருங்கினால், போக ஒன்று வர ஒன்று என்று பாதையில் 2 மில்லிமீட்டர் குறையும். அது பாதி அலை. முகடு இருந்த இடத்தில் இப்போது பள்ளம் இருக்கும். மில்லிமீட்டர் அசைவையே இப்படித் தலைகீழாகக் காட்டிக்கொடுக்கிற கருவி, நொடியின் 20,000-இல் ஒரு பங்குக்கு ஒருமுறை அலையை அனுப்பிப் பார்த்தால் வேகம் தப்புமா? மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால் அந்த இடைவெளியில் அரை மில்லிமீட்டர் நகர்வோம். எதிரொலி கால் அலை அளவு மாறியிருக்கும். 1842-இல் ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விளைவுதான் இது. எதிரொலி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைப் பக்கம் பக்கமாக வைத்த பல ஆண்டெனாக்கள் சொல்லிவிடும்.

இனி தேனி ரோட்டுக்கு வாருங்கள். நாகமலை ஒரு பக்கமாகக் கூடவே வர, அதே 36 கி.மீ. வேகம்; நொடிக்கு 10 மீட்டர். நேர் எதிரே ஒரு மைல்கல் இருந்தால் அது நம்மை நோக்கி நொடிக்கு 10 மீட்டர் வருவதாக ரேடாருக்குத் தோன்றும். 60 டிகிரி தள்ளி நிற்கும் புளியமரம் 5 மீட்டர் வேகத்தில் நெருங்கும். சரியாகப் பக்கவாட்டில் இருக்கும் கம்பம் அந்தக் கணத்தில் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை, பூஜ்யம். நிற்கிற பொருள் எதுவானாலும் இந்தக் கணக்குக்கு உட்பட்டே ஆக வேண்டும். திசையையும் வேகத்தையும் வரைபடமாகப் போட்டால் எல்லாம் ஒரே வளைகோட்டில் உட்காரும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்த கொசைன் கோடுதான். அதன் உச்சி எந்தத் திசையில் இருக்கிறதோ அதுதான் நாம் போகும் திசை. உச்சியின் உயரம் நம் வேகம்.

எதிரே வரும் லாரி இந்தக் கோட்டில் நிற்காது. அதுவும் 10 மீட்டர் வேகத்தில் வந்தால் 20 என்று காட்டும். நமக்கு முன்னால் அதே வேகத்தில் போகும் ஷேர் ஆட்டோ பூஜ்யம் காட்டும். ரோட்டோர இரும்புத் தடுப்பு இன்னும் மோசம்: கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பி, இல்லாத வண்டியை இருப்பதாகக் காட்டும். யாரை நம்புவது?

இதற்கு ரான்சாக் என்றொரு வழி, 1981-இல் ஃபிஷ்லரும் போல்ஸும் வெளியிட்டது. ஏதாவது இரண்டு புள்ளிகளை எடு. அவை நிற்கிற பொருள்கள் என்று வைத்துக்கொண்டு கோட்டைப் போடு. எத்தனை புள்ளிகள் ஒத்துப்போகின்றன என்று எண்ணு. வேறு இரண்டை எடுத்து மறுபடி போடு. அதிக ஆதரவு கிடைத்த கோடே ஜெயிக்கும். சுத்தமான பஞ்சாயத்துத் தீர்ப்பு.

பெரும்பான்மை தப்பாகச் சொன்னால் தீர்ப்பும் தப்புதான். கள்ளழகரை மதுரை வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளம் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட காரை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் தலைகள், அத்தனையும் ஒரே திசையில் மெல்ல ஊர்கின்றன. காரும் அதே வேகத்தில் ஊர்ந்தால், ‘நாம் நிற்கிறோம்’ என்றே ரேடார் சொல்லும். மாட்டுத்தாவணி ஏமாற்றம் இயந்திரத்துக்கும் உண்டு! அதனால்தான் ரேடாரை மட்டும் நம்பாமல், குறை சொன்ன அதே சக்கரக் கணக்கையும், அசைவை உணரும் சிப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள்.

திரும்புவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு ரேடார் தன் இடத்தின் அசைவை மட்டுமே சொல்லும். வண்டி திரும்புகிறதா, மொத்தமாகப் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று அதற்குப் பிரித்துத் தெரியாது. காரில் தப்பித்துக்கொள்ளலாம். வழுக்காதவரை பின் சக்கரங்கள் பக்கவாட்டில் நகராது. ஆகவே மூக்கில் இருக்கும் ரேடார் எவ்வளவு பக்கவாட்டில் போகிறது என்பதைப் பின் அச்சிலிருந்து அதன் தூரத்தால் வகுத்தால் திரும்பும் வேகம் வந்துவிடும். மீனாட்சி கோயில் தேரில் இது செல்லாது. முட்டுக்கட்டை கொடுத்து வீதி முனையில் அதைத் திருப்பும்போது சக்கரங்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டிலும் நகரும். தேருக்கு ரேடார் கட்டுவதானால் குறைந்தது இரண்டு வேண்டும்.

ரேடார் தருவது வேகத்தை, இடத்தை அல்ல. ஒவ்வொரு வேகத்தையும் கூட்டிக்கொண்டே போனால்தான் பாதை கிடைக்கும். கூட்டலோடு பிழையும் கூடும். ஒரு திருப்பத்தில் ஒரு டிகிரி தவறினால், அடுத்த ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் விலகிவிடுவோம். கீழமாசி வீதி தேர்முட்டியில் புறப்பட்டு, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி என்று சுற்றி வரும் காருக்கு நாலு திருப்பம். கார் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். அதன் கணக்கிலோ தேர் நிலைக்கு வந்திருக்காது. ஏதோ ஒரு கடைக்குள் நுழைந்திருக்கும்.

அப்போது உதவுவது, கிளம்பும்போது பதிந்து வைத்த எதிரொலிப் படம். அந்தக் கம்பங்கள், அந்தச் சுவர், அந்த மூலை மறுபடி கிடைத்தால், ‘இது அதே இடம்’ என்று வண்டி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். மிச்சமிருக்கும் பிழையைக் கீழமாசி வீதியின் தலையில் மட்டும் கட்டாமல் நாலு வீதிக்கும் பங்கு போட்டுக் கழித்துவிடும்.