குவார்ட்டர்பேக்கை எந்தச் சுற்றில் எடுப்பது? காத்திருப்பின் கணக்கு

அமெரிக்கக் கால்பந்தை அண்மையில் பார்க்கத் தொடங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் அவ்வளவு திறமைசாலி என்று சியாட்டில் அணிக்குத் தெரிந்திருந்தால், 2012 டிராஃப்டில் அவரை மூன்றாம் சுற்று வரை ஏன் விட்டுவைத்தார்கள்? தெரியாதென்றால் அது வெறும் அதிர்ஷ்டம்தானே?" கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு வீரர் எவ்வளவு நல்லவர் என்பது ஒரு கணக்கு, அவரை எப்போது எடுப்பது என்பது வேறொரு கணக்கு. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

அடிப்படைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். என்எஃப்எல் தொடரின் 32 அணிகளும் ஆண்டுதோறும் டிராஃப்ட் என்ற நிகழ்வில் கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை கிடைக்கும். முறைகளை அணிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளவும் செய்யலாம். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்பதை ஓரிரு நொடிகளில் தீர்மானிக்கும் குவார்ட்டர்பேக்தான் அணியின் மிக முக்கியமான ஆட்டக்காரர் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது ஓர் அணிக்கு 47-ஆம் முறையும் 75-ஆம் முறையும் கையில் இருப்பதாகக் கொள்வோம். பட்டியலில் ஒரு குவார்ட்டர்பேக் இருக்கிறார். அவருடைய மதிப்பு 80. ஒரு தடுப்பாட்டக்காரரும் இருக்கிறார். அவருடைய மதிப்பு 60. 75-ஆம் முறை வருவதற்குள் அந்தத் தடுப்பாட்டக்காரரை வேறு அணி கொண்டுபோய்விடும் என்பது உறுதி. அப்போது எஞ்சியிருப்பவர்களில் சிறந்தவரின் மதிப்பு 40. (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.) குவார்ட்டர்பேக்கை உடனே எடுத்தால் மொத்தம் 80-உம் 40-உம் சேர்ந்து 120. தடுப்பாட்டக்காரரை முதலில் எடுத்துவிட்டுக் காத்திருந்தால், குவார்ட்டர்பேக் தப்பிப் பிழைத்து வரும்போது 140 கிடைக்கும், வராவிட்டால் 100. ஆகவே அவர் பிழைத்து வருவதற்கான நிகழ்தகவு பாதிக்கு மேல் இருந்தால் காத்திருக்க வேண்டும், கீழே இருந்தால் உடனே எடுக்க வேண்டும்.

இதில் என்னை மயக்குவது, எந்த எண் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதே. குவார்ட்டர்பேக்கின் மதிப்பு 80 என்பது மட்டும் எதையும் சொல்வதில்லை. அவரை இழந்தால் நமக்கு வாய்க்கும் மாற்றுக்கும் அவருக்கும் உள்ள இடைவெளிதான் இழப்பு. மேற்கண்ட கணக்கில் அது 40. அதே பட்டியலில் 70 மதிப்புள்ள இன்னொரு குவார்ட்டர்பேக் கடைசிவரை கிடைப்பார் என்று தெரிந்தால், இழப்பு வெறும் 10 ஆகச் சுருங்கிவிடுகிறது. அப்போது முதலாமவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் காத்திருப்பதே சரி. சியாட்டில் அணி அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே மாட் ஃபிளின் என்ற குவார்ட்டர்பேக்கை ஒப்பந்தம் செய்திருந்தது. வில்சன் கைநழுவினாலும் அணி அநாதையாகிவிடாது. ஆகவே 15-ஆம் முறையில் புரூஸ் இர்வின், 47-ஆம் முறையில் பாபி வாக்னர் என்ற இரு தடுப்பாட்டக்காரர்களை எடுத்துவிட்டு, 75-ஆம் முறையில் வில்சனை எடுத்தார்கள். அவருக்கு முன் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தனர். ஆறடிக்குச் சற்றுக் குறைந்த உயரம் அவரை மற்ற அணிகளின் பட்டியலில் கீழே தள்ளியிருந்தது. அந்தத் தயக்கமே சியாட்டிலின் காத்திருப்பை மலிவாக்கியது. வாக்னர் தாங்கிய தடுப்பு வரிசையோடும் வில்சனோடும் அந்த அணி 2014 பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று வீழ்த்தி, தொடரின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது.

பிழைத்து வரும் நிகழ்தகவை எப்படி மதிப்பிடுவது? 47-க்கும் 75-க்கும் இடையே 27 முறைகள் உள்ளன. அவற்றில் நிலையான குவார்ட்டர்பேக் உள்ள அணிகளை நீக்கிவிடலாம். மீதமுள்ள ஒவ்வோர் அணியும் நம்மவரை எடுக்க 5 சதவீத வாய்ப்பு மட்டுமே உண்டு என்று வைத்துக்கொண்டால், ஆறு அணிகளைத் தாண்ட அவருக்கு ஏறக்குறைய 74 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்து அணிகள் என்றால் 60 சதவீதம். பதினான்கு அணிகள் என்றால் 49 சதவீதம். ஒவ்வோர் ஆபத்தும் அற்பமாகவே தோன்றும், ஆனால் 0.95 என்ற எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கும்போது பதின்மூன்றாவது அணிக்கும் பதினான்காவது அணிக்கும் இடையில் எங்கோ முடிவு தலைகீழாகிவிடுகிறது. நடைமுறையில் இது இன்னும் சிக்கலானது, ஏனெனில் அணிகள் ஒன்றையொன்று பார்த்துப் பதறுகின்றன, பின்வரிசையில் இருப்பவர்கள் விலை கொடுத்து முன்னே தாவுகிறார்கள். 2017-இல் கான்சாஸ் சிட்டி 27-ஆம் இடத்திலிருந்து 10-ஆம் இடத்துக்குத் தாவிப் பாட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. அடுத்த முறையில் அவரைத் தாங்களே எடுக்கவிருந்ததாக நியூ ஆர்லியன்ஸ் பயிற்சியாளர் ஷான் பேட்டன் பின்னர் கூறினார். ஓரிடம் பிந்தியிருந்தால் கதை வேறு.

பணமும் இந்தக் கணக்கை வளைக்கிறது. 2010-இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. புதியவர்களின் ஊதியத்துக்கு 2011-இல் வரம்பு வந்ததும், அந்த ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2.2 கோடிதான். தவறான குவார்ட்டர்பேக்கை முன்னதாக எடுப்பதன் தண்டனை குறைந்தது; அணிகள் துணிந்தன. கூடவே, முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு வந்தது. 2018-இல் பால்டிமோர் அணி 25-ஆம் முறையில் வேறொருவரை எடுத்துவிட்டு, 52-ஆம் இடத்திலிருந்து முதல் சுற்றின் கடைசி முறையான 32-க்கு ஏறி லமார் ஜாக்சனை எடுத்தது. ஓரிடம் தள்ளி 33-ஆம் முறையில் எடுத்திருந்தால் அந்த ஐந்தாம் ஆண்டு உரிமை கிடைத்திருக்காது.

வீரரின் மதிப்பு 80 என்று நான் எழுதியதுதான் இதில் மிகவும் பலவீனமான இடம். அந்த எண்ணை அறிய அணிகள் செய்யாத வேலை இல்லை. 12 நிமிடங்களில் 50 கேள்விகள் கொண்ட வொண்டர்லிக் தேர்வை நெடுங்காலம் வைத்தார்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை உள்ளங்கையை விரித்து அளக்கிறார்கள். அந்த அளவை வைத்து எதிர்காலம் சொல்பவர்களைப் பார்க்கும்போது கைரேகை ஜோதிடர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஒன்பது அங்குலக் கை சிறியது என்று பேசப்பட்ட ஜோ பர்ரோ 2020-இல் முதல் தேர்வானார். இரண்டாம் பருவத்திலேயே சின்சினாட்டியைச் சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். அணிகள் தங்கள் தரவுகளைப் பூட்டிவைக்காமல் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிட்டால் இத்தகைய நம்பிக்கைகளில் பாதி உதிர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

மதிப்பீட்டில் பிழை இருக்கும்போது, யார் மிக அதிகமாக மிகைமதிப்பிட்டாரோ அவரே முன்னே தாவி வாங்குவார். கேட் மேஸியும் பிற்பாடு நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் டிராஃப்டுகளை ஆராய்ந்து, ஒரே நிலையில் ஆடும் இருவரில் முந்தித் தேர்வானவர் அடுத்தவரைவிட மேலானவராக அமைவது ஏறக்குறைய 52 சதவீத நேரங்களில் மட்டுமே என்று கண்டார்கள். நாணயத்தைச் சுண்டுவதைவிட மயிரிழை மேல். சான் ஃபிரான்சிஸ்கோ அணி மூன்று முதல் சுற்று முறைகளை உள்ளடக்கிய விலை கொடுத்து 2021-இல் மூன்றாம் இடத்துக்கு ஏறி டிரே லான்ஸை எடுத்தது. அவர் அந்த அணிக்காகத் தொடக்க வீரராக ஆடியது நான்கு ஆட்டங்கள். அந்த அணியைச் சூப்பர் பவுலுக்கு இட்டுச்சென்றவர், 2022-இன் கடைசித் தேர்வான, 262-ஆம் எண் கொண்ட பிராக் பர்டி.

வில்சன் தேர்வான அதே 2012-இல் வாஷிங்டன் அணியும் மூன்று முதல் சுற்று முறைகளோடு ஓர் இரண்டாம் சுற்று முறையையும் கொடுத்து ராபர்ட் கிரிஃபினை இரண்டாம் இடத்தில் எடுத்தது. அத்தனை விலை கொடுத்த பிறகும் நான்காம் சுற்றில், 102-ஆம் முறையில், கிர்க் கசின்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தபோது பலர் வியந்தனர். நாணயம் சுண்டும் ஆட்டத்தில் இரண்டாம் முறை சுண்ட மிகக் குறைந்த விலைதான் கேட்கப்பட்டது. கிரிஃபின் முழங்கால் காயத்தால் தளர்ந்தபின், 2015 பருவத்தில் அந்த அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் கசின்ஸ்தான்.