‘சொத்து வரி’க்குள் இருக்கும் வாடகை

வீடு வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: “70 லட்சத்துக்கு வீடு பேசியிருக்கோம், வருஷத்துக்கு எவ்வளவு சொத்து வரி வரும்?” அந்த 70 லட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. சென்னையில் இந்த வரி வீட்டின் விலை மேல் விழுவதில்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ, அதன் மேல் விழுகிறது. இந்தக் குழப்பத்தில் பாதி, பெயரால் வந்தது.

முதலில் ‘சொத்து’. மலையாளத்தில் இதை ‘ஸ்வத்து’ என்கிறார்கள். ‘தன்னுடையது’ என்ற பொருள் தரும் வடசொல்லோடு இதை இணைத்துச் சொல்வது வழக்கம். இதற்கு நல்ல தமிழ்ச்சொல் ‘உடைமை’. ஆனால் ‘உடைமை வரி’ என்று மாற்றினாலும் குழப்பம் தீராது. உடைமை என்றதும் மனம் விலைக்குத்தான் போகும்.

‘வரி’ நம்முடைய சொல், அழகான சொல். வரிக்குதிரையின் உடம்பில் இருப்பதும் வரி, நோட்டில் எழுதுவதும் வரி. சோழர் கல்வெட்டுகளில் ‘வரிப்பொத்தகம்’ என்று வருகிறது. நிலமும் அது தர வேண்டியதும் பதிவான கணக்குப் புத்தகம் அது. அப்படிப் பதிவதை ‘வரியிலிடுதல்’ என்றார்கள். ஏட்டில் ஏறிய வரியே நாளடைவில் ஏறிய தொகைக்கும் பெயரானது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இன்றைக்கும் ஒரு வீட்டுக்கு முதலில் கிடைப்பது பதிவேட்டில் ஓர் இடம்தானே? வரிவிதிப்பு எண் என்று அதைச் சொல்கிறோம். தொகை அதற்கு அப்புறம் வருகிறது.

‘வரி’க்கு இன்னொரு பழைய சொல் ‘இறை’. ‘இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு’ என்று குறளில் (733) வருவது இந்தப் பொருளில்தான். வரி நீக்கப்பட்ட நிலம் ‘இறையிலி’. வீட்டு மனைக்கான வரி ‘மனையிறை’. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஓர் ஊரின் நிலத்தைக் கணக்கெடுக்கும்போது, ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, மிச்ச நிலத்துக்கே இறை கட்டினார்கள். நத்தம் என்றால் மக்கள் குடியிருக்கும் இடம். ‘கிராம நத்தம்’ என்று பத்திரத்தில் பார்க்கிறோமே, அதே சொல். விளைகிற நிலம் ஒரு கணக்கு, குடியிருக்கிற இடம் வேறு கணக்கு என்ற தெளிவு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே இருந்தது.

இன்றைய வீட்டு வரியின் கணக்கு வந்த வழி வேறு. இங்கிலாந்தில் 1836-இல் இயற்றிய ஒரு சட்டம், ஒரு கட்டடத்தை ஆண்டுக்கு ஆண்டு வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு எதிர்பார்க்கலாமோ அதையே வரிக்கு அடிப்படையாக வைத்தது. அந்தக் கருத்து சென்னை மாநகராட்சியின் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வந்து உட்கார்ந்தது. அந்தத் தொகைக்குப் பெயர் ‘ஆண்டு மதிப்பு’, விரித்துச் சொன்னால் ‘ஆண்டு வாடகை மதிப்பு’. வீட்டில் நாமே குடியிருந்தாலும், யாரிடமும் ஒரு ரூபாய் வாடகை வாங்காவிட்டாலும், இந்த மதிப்பு உண்டு.

‘வாடகை’யும் வடமொழி ‘பாடக’ என்பதிலிருந்து வந்ததுதான். நம்மிடம் ‘குடிக்கூலி’ என்ற அருமையான சொல் இருக்கிறது. குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? பேச்சிலிருந்து அது மறைந்து வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். கட்டடப் பரப்பைத் தெருவுக்கென்று வகுத்த சதுர அடி விகிதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு வரும். 1,000 சதுர அடி வீடு, விகிதம் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000. இதை 12-ஆல் பெருக்காமல் 10.92-ஆல் பெருக்குகிறார்கள். இந்த 10.92 பலருக்குப் புதிராகவே இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது எளிய கணக்கு. ஆண்டு வாடகை 24,000-இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2,400, நிலத்துக்கானது. மிச்சம் 21,600 கட்டடத்துக்கானது. கட்டடம் என்றால் வெள்ளையடிக்க வேண்டும், ஒழுகினால் பூச வேண்டும். அந்தச் செலவுக்காகக் கட்டடப் பங்கில் மட்டும் 10 விழுக்காடு, 2,160 ரூபாய், கழிக்கிறார்கள். 24,000-இல் 2,160 போனால் 21,840. இது 2,000-த்தை 10.92-ஆல் பெருக்கினால் வரும் அதே தொகை. நிலத்துக்குப் பராமரிப்புச் செலவு இல்லை, அதனால் அதற்குக் கழிவும் இல்லை. உரிமையாளரே குடியிருந்தால் கிடைக்கும் கழிவு, பழைய கட்டடத்துக்கான தேய்மானக் கழிவு எல்லாம் தனி.

இப்படி வந்த ஆண்டு மதிப்பின் மேல்தான் விழுக்காடு போட்டு வரி கணக்கிடுகிறார்கள். அதோடு நூலக வரியும் சேரும். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் ஏற்படுத்திய வழி அது. நாம் கட்டும் வீட்டு வரியின் ஒரு துளி ஊர் நூலகத்துக்குப் போகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

2022-இல் வரியை உயர்த்தியபோது வீட்டின் பரப்பும் கணக்கில் வந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 50 விழுக்காடு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 விழுக்காடு என்று உயர்ந்தது. ஆகவே பழைய ரசீதைப் பார்த்து வரியை ஊகிப்பவர்கள் அது எந்த ஆண்டு ரசீது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ரசீதில் இருப்பது அரையாண்டுத் தொகை. ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று தொடங்கும். ஆண்டுக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் இரண்டால் பெருக்க வேண்டும்.

ஊகிப்பதற்கான சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அலுவலகம் முறைப்படி செய்வது ‘மதிப்பீடு’. வாங்குவதற்கு முன் நாமே போட்டுப் பார்ப்பதை ‘உத்தேசம்’ என்கிறோம், அது வடசொல். ‘குத்துமதிப்பு’ என்று ஊரில் சொல்வதே இதற்குச் சரியான தமிழ். இரண்டையும் பிரித்துச் சொன்னால், நாம் போட்ட குத்துமதிப்பை அலுவலகத்தின் மதிப்பீடு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இலங்கைத் தமிழர் இந்த வரியை ‘சோலைவரி’ என்றும் ‘ஆதனவரி’ என்றும் சொல்கிறார்கள். அங்கும் ஆண்டு மதிப்புதான் அடிப்படை. நம் கிராமங்களில் இன்றும் ‘வீட்டு வரி’ என்றுதான் பேச்சு. என் தேர்வும் அதுதான்: வரிக்கு ‘வீட்டு வரி’, அதன் அடிப்படைக்கு ‘ஆண்டுக் குடிக்கூலி மதிப்பு’. இந்தப் பெயர்களில் கேட்டால், “70 லட்சத்துக்கு எவ்வளவு?” என்ற கேள்வி “இந்தத் தெருவில் சதுர அடிக்கு என்ன விகிதம்?” என்று மாறிவிடும்.