பத்துச் சதத்தைக் கணினி எழுதும் விதம்

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தோட்டச் சம்பளக் கணக்குக்குப் பல காலம் ஓடிய, கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலைப் பைத்தன் என்ற இன்னொரு கணினி மொழிக்கு மாற்றும் வேலை அவருடையது. செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள் பதிவேடு) அதேதான், கொழுந்து நிறையும் அதேதான். ஆனால் சிலருடைய சம்பளத்தில் ஒரு சதம் வித்தியாசம் வருகிறது. "புதியது பிழை விடாது, பழையதில்தான் கோளாறு" என்கிறார்களாம் அலுவலகத்தில். தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள்.

பைத்தனில் 0.1ஐ ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துத் தடவை கூட்டிப் பாருங்கள். விடை 0.9999999999999999. நூறு நூறு கிராமாகப் பத்து முறை நிறுத்த கொழுந்து ஒரு கிலோ ஆகிவிட்டதா என்று நிரல் கேட்டால், இல்லை என்றே பதில் வரும்.

காரணம், 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டுமே எண்களை எழுதும் துவித எண்முறை. சாதாரண தர வகுப்பில் முழு எண்களைத் துவிதமாக மாற்றியிருப்பீர்கள். பின்னத்தை மாற்றுவது அதைவிட அழகான வேலை: இரண்டால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும், புள்ளிக்கு முன்னால் வரும் இலக்கத்தை எழுதிவிட்டு அதை நீக்க வேண்டும். 0.1 இப்போது 0.2 ஆகிறது, எழுதுவது 0. அடுத்து 0.4, மீண்டும் 0. பிறகு 0.8, அதற்கும் 0. பிறகு 1.6, எழுதுவது 1. மீதி 0.6, அது 1.2 ஆகிறது, மறுபடி 1. மீதி 0.2. இந்த 0.2ஐ ஏற்கெனவே பார்த்துவிட்டோம்! இனி 0011, 0011 என்று முடிவே இல்லாமல் சுற்றும். பத்தின் காரணிகள் இரண்டும் ஐந்தும். துவிதத்துக்கு ஐந்து வசப்படாது. அதனால் ஒரு சதம் முதல் 99 சதம் வரை உள்ள தொகைகளில் 25, 50, 75 ஆகிய மூன்று மட்டுமே துவிதத்தில் துல்லியமாக அடங்கும். மற்ற 96உம் தோராயம்தான். எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

பைத்தனின் வழக்கமான பின்ன எண், 1985இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 என்ற, கணினியில் பின்ன எண்களை எழுதும் தரத்தின்படி 53 துவித இலக்கங்களோடு நின்றுவிடுகிறது. விண்கல ஆய்வுக்கு அது தாராளம். சம்பளப் பட்டியலுக்கு அது பொருந்தாது.

1959இல் உருவாகத் தொடங்கிய கோபோல், வணிகக் கணக்குக்கென்றே பிறந்தது. தொகை ஒவ்வொன்றுக்கும் புள்ளிக்கு முன் இத்தனை இலக்கம், பின் இத்தனை என்று நிரலர் முதலிலேயே அறிவிக்கிறார். அது நாம் எழுதுவதுபோலப் பத்தை அடியாகக் கொண்ட இலக்கங்களாகவே கணக்கிடுகிறது. பத்துச் சதம் அங்கே பத்துச் சதம்தான்.

பைத்தனிலும் வழி இருக்கிறது. 2004இல் வந்த 2.4ஆம் பதிப்பிலிருந்து 'டெசிமல்' என்ற தொகுதி உண்டு. ஆனால் தொகையை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவே கொடுங்கள். வெறும் எண்ணாகக் கொடுத்தால் தோராயமும் கூடவே உள்ளே வந்துவிடும். முழுவதையும் சதமாக மாற்றி, 1,350 ரூபாயை 1,35,000 என்று முழு எண்ணில் வைப்பதும் நல்ல வழி.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு சதம் இடிக்கலாம். 12.5 சதத்தை முழுச் சதமாக்கச் சொன்னால் கோபோல் வழக்கமாக 13 என்று சொல்லும். பைத்தன் அருகிலுள்ள இரட்டை எண்ணான 12ஐத் தேர்ந்தெடுக்கும். முழுமையாக்கச் சொல்லாத இடத்தில் கோபோல் மிச்சத்தை வெட்டியே விடும்.

மலையகப் பாடசாலைகளில் கணினி அறை திறக்கக் காசு கிடைக்கிறது. இதைக் கற்பிக்கும் ஆசிரியரை நியமிக்கத்தான் காசு கிடைப்பதில்லை. எனக்கு இது பெரும் ஆதங்கம். கொழுந்து பறிப்பவரின் ஒரு சதத்தை யார் எங்கே வெட்டுகிறார்கள் என்று அவருடைய பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

வாசகர் செய்ய வேண்டியது இதுதான்: பழைய நிரலில் தொகை எங்கெங்கே முழுமையாக்கப்படுகிறது, எங்கே வெட்டப்படுகிறது என்று வரிவரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் முழுமையாக்கிக் கூட்டினார்களா, மாத முடிவில் ஒரே தடவையா என்பதும் விடையை மாற்றும். பிறகு சில மாதங்களுக்கு இரண்டு நிரல்களையும் சேர்த்து ஓட்டுங்கள். எல்லாருடைய தொகையும் சதம் பிசகாமல் ஒத்துவரும் வரை பழையதை நிறுத்த வேண்டாம்.